நீதிபதி தேர்ச்சி பெற்ற வாக்கியம்

ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். 'தி ஜட்ஜ் பாஸ்டு தி சென்டென்ஸ்' என்பதைத் தமிழில் எழுதச் சொன்னேன். ஒரு பையன் 'நீதிபதி வாக்கியத்தில் தேர்ச்சி பெற்றார்' என்று எழுதியிருந்தான். சிரித்துக்கொண்டே சிவப்பு மையில் அடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், வாக்கியத்துக்கும் தண்டனைக்கும் ஏன் ஒரே சொல் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்களேன்.
- ஓர் ஆசிரியை, திருநெல்வேலி

அந்தப் பையனுக்கு அரை மார்க்காவது போட்டுவிடுங்கள் டீச்சர். பாஸ் என்றால் தேர்ச்சி, சென்டென்ஸ் என்றால் வாக்கியம். இரண்டும் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதானே. இரண்டையும் பொருத்தி, வேற்றுமை உருபைக்கூடச் சரியாகப் போட்டிருக்கிறான். ஜட்ஜ் என்று ஒரு ஆள் அந்த வரியில் நிற்பதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டான்.

ஏன் ஒரே சொல் என்பதற்கு லத்தீன் வரைக்கும் போக வேண்டும். 'செந்தீரே' என்றால் அங்கே உணர்தல், மனதில் படுதல். அதிலிருந்து வந்தது 'செந்தென்தியா', அதாவது ஒருவர் மனதில் பட்டு, வாய்விட்டுச் சொல்லும் கருத்து. நம் சினிமாக்காரர்கள் நாள் முழுக்கச் சொல்லும் சென்டிமென்ட்டும் அதே வேரில் முளைத்ததுதான். அம்மா சென்டிமென்ட்டும் ஆயுள் சென்டென்ஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னால் உங்கள் வகுப்பில் யாரும் மறக்கமாட்டார்கள். பெரிய இடத்து ஆள் சொன்ன கருத்துக்குக் கனம் அதிகம், நீதிபதி சொன்னால் அது கருத்தோடு நிற்காது, ஆளைப் பிடித்து உள்ளே தள்ளிவிடும். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல், 1300 வாக்கிலேயே தீர்ப்பு என்ற பொருளில் புழங்கியிருக்கிறது. எழுவாய் பயனிலையோடு முழுதாக நிற்கும் வரி என்ற பொருள் 15-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வருகிறது. ஆக, கோர்ட்டுக்குப் போய் ஒன்றரை நூற்றாண்டு கழித்துத்தான் அது பள்ளிக்கூடத்துக்கு வந்தது. நாம் படிக்கிற வரிசை தலைகீழ் என்பதால் தண்டனை என்ற பொருள் ஏதோ பிற்பாடு ஒட்டிக்கொண்டது மாதிரித் தெரிகிறது, அவ்வளவுதான்.

வகுப்பில் சொல்ல ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பெயர்ச்சொல்லாக வந்தால்தான் இந்தச் சந்தேகமே வரும். வினைச்சொல்லாக, 'சென்டென்ஸ்டு' என்று வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு தண்டனை என்று எழுதலாம், ஏனென்றால் வாக்கியம் அமைப்பதற்கு அந்த வினையை யாரும் பயன்படுத்துவதில்லை. அதன் பின்னால் 'டு' வந்தால் என்ன தண்டனை என்பதும், 'ஃபார்' வந்தால் என்ன குற்றம் என்பதும் வரும். 'சென்டென்ஸ்டு டு லைஃப் ஃபார் மர்டர்' என்பது கொலைக்காக ஆயுள். 'சென்டென்ஸ்டு ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது மூன்று வருஷம் என்ற குற்றத்தைச் செய்ததற்காக என்பது மாதிரி ஆகிவிடும். 'டு' போடச் சொல்லுங்கள்.

பெயர்ச்சொல்லாக வந்தால் கூட நிற்கும் வினையைப் பார்க்க வேண்டும். பாஸ், சர்வ், சஸ்பெண்ட், கம்யூட் என்ற நாலில் ஒன்று பக்கத்தில் நின்றால் அது ஜெயில் சமாச்சாரம். பாஸ் என்றால் தேர்ச்சி இல்லை, விதிப்பது. சர்வ் என்றால் பரிமாறுவது இல்லை, அனுபவிப்பது. சஸ்பெண்ட் என்றால் நிறுத்திவைப்பது, மேல்முறையீடு முடியும்வரை பெரும்பாலும் நடப்பது இதுதான். கம்யூட் என்றால் குறைப்பது, மாற்றுவது, தூக்கை ஆயுளாக்குவது போல. அந்தச் சொல்தான் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு சீசன் டிக்கெட்டில் போய்வருகிறவரையும் 'கம்யூட்டர்' ஆக்கியது. அமெரிக்க ரயில்வேயில் அந்தக் காலத்தில் தினசரிக் கட்டணத்தை மொத்தமாகக் குறைத்து விற்ற சீட்டுக்குக் 'கம்யூட்டேஷன் டிக்கெட்' என்று பெயர். குறைத்தது என்னவோ காசைத்தான். ஆனால் காலை எட்டரை மணி வண்டியில் தொங்கிக்கொண்டு போகிறவரைக் கேட்டால் அவர் வேறு மாதிரி சொல்வார்.

---

சட்டக் கல்லூரி இரண்டாம் ஆண்டு. செய்திகளில் 'குற்றவாளி என்று தீர்ப்பு' என ஒரு நாள் வருகிறது, 'தண்டனை விவரம் நாளை' என்கிறார்கள். தீர்ப்பும் தண்டனையும் ஒன்று இல்லையா? அப்புறம், 'மூன்று ஆயுள் தண்டனை' என்றால் அந்த ஆள் மூன்று முறை பிறந்து வர வேண்டுமா?
- ஒரு மாணவர், சேலம்

இரண்டாவது கேள்வி நீங்கள் நினைப்பது போல வேடிக்கைக் கேள்வி இல்லை தம்பி, உச்ச நீதிமன்றமே உட்கார்ந்து யோசித்த கேள்வி. முதல் கேள்வியிலிருந்து வருகிறேன்.

ஆங்கிலத்தில் கன்விக்‌ஷன் வேறு, சென்டென்ஸ் வேறு. இவர்தான் செய்தார் என்று முடிவாகச் சொல்வது முதலாவது, அதற்கு என்ன கொடுப்பது என்பது இரண்டாவது. நாம் இரண்டையும் சேர்த்துத் தீர்ப்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு, கோர்ட்டில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது மறக்காது. குற்றவாளி என்று அறிவித்ததும் நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கூண்டைப் பார்த்து, தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்பார். அதுவரை மாதக்கணக்காக வக்கீல் பேசிக்கொண்டிருப்பார், அந்த ஆள் பேசியிருக்கவே மாட்டார். இப்போது மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, 'வயசான அம்மா இருக்குங்க, ரெண்டு பொட்டப் புள்ளைங்க, பார்த்துச் செய்யுங்க ஐயா' என்பார். பக்கத்தில் சுருக்கெழுத்தர் எழுதிக்கொள்வார். சில பேர் ஒன்றுமே சொல்லாமல் தலையாட்டுவார்கள்.

இந்தக் கேள்வி நீதிபதியின் தயவில் வருவது இல்லை. 1973-இல் எழுதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 235-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, தண்டனை விதிக்கும் முன் அவரைக் கேட்க வேண்டும் என்றது. 1976-இல் சாந்தா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அதைச் சடங்காகச் செய்தால் போதாது என்று சொல்லித் தண்டனையை மட்டும் திருப்பி அனுப்பியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அதுவே 258. ஆகவே இரண்டும் ஒரே நாளில் வந்தாலும் இரண்டு வேலை. கன்விக்‌ஷனைக் 'குற்றத்தீர்ப்பு' என்றும் சென்டென்ஸைத் 'தண்டனை' என்றும் வைத்துக்கொண்டால் பரீட்சையில் குழப்பம் வராது. வெர்டிக்ட் என்ற சொல்லை நம் ஊர்க் குற்ற வழக்குக்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது, அது ஜூரி சொல்வது, நம்மிடம் குற்ற வழக்கில் ஜூரி கிடையாது. டிவிக்காரர்கள் கேட்கமாட்டார்கள், விட்டுவிடுங்கள்.

இப்போது மூன்று ஆயுள். ஒரே ஆள் பல குற்றம் செய்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தண்டனை உண்டு. அதை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிப்பதா, சேர்த்து ஒரே நேரத்தில் அனுபவிப்பதா என்பதையும் நீதிபதி சொல்வார். சேர்த்து என்றால் நம் கோர்ட்டுத் தமிழில் 'ஏக காலத்தில்'. இந்த இரண்டு வார்த்தையால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்த நாட்களில், இரவு பத்தரை மணிக்கு ஒரு மாவட்டச் செய்தி வந்தது. ஒரு பிரிவில் 7 ஆண்டு, இன்னொன்றில் 5, மூன்றாவதில் 3. கூட்டினேன், '15 ஆண்டு சிறை' என்று தடித்த எழுத்தில் தலைப்பு வைத்தேன். கடைசி வரியில் 'தண்டனைகளை ஏக காலத்தில் அனுபவிக்க உத்தரவு' என்று இருந்தது. பத்தியில் இடம் இல்லை, அந்த வரியை வெட்டியதும் நானேதான். மறுநாள் காலையில் ஒரு வக்கீல் போன் செய்தார். 'தம்பி, எங்க கட்சிக்காரருக்கு ஜட்ஜ் ஏழு வருஷம்தான் கொடுத்தார், மீதி எட்டு வருஷம் உங்க பத்திரிகை கொடுத்திருக்கு, அதுக்கு எங்க அப்பீல் போறது?' என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. (கட்சிக்காரர் என்றதும் எங்கள் அலுவலகப் பையன் எந்தக் கட்சி என்று கேட்டது தனிக்கதை.)

ஆயுள் விஷயத்தில் கூட்டல் கணக்குக்கே இடமில்லை. ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம் என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். அது தவறு. 1961-இல் கோபால் கோட்சே வழக்கிலேயே உச்ச நீதிமன்றம், ஆயுள் என்றால் அந்த மனிதரின் மீதி வாழ்நாள் முழுவதும் என்று சொல்லிவிட்டது. இடையில் வெளியே வர வேண்டுமென்றால் அரசு தண்டனையைக் குறைக்க வேண்டும். 14 எங்கிருந்து வந்தது என்றால், தூக்கும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை 14 வருஷமாவது உள்ளே இருக்காமல் விடக்கூடாது என்று 1978-இல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். குறைந்தபட்சம் என்று சட்டம் சொன்னதை ஊர் அதிகபட்சமாக்கிவிட்டது. சரி, மீதி வாழ்நாள் முழுவதும் என்றால் அது முடிந்த பிறகு இரண்டாவது ஆயுளை எங்கே தொடங்குவது? தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு கொலை வழக்கில் 2016-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இதற்குத்தான் பதில் சொன்னது. ஒவ்வொரு கொலைக்கும் தனி ஆயுள் விதிக்கலாம், ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்ல முடியாது, மனிதனுக்கு உயிர் ஒன்றுதான். அப்புறம் ஏன் மூன்று விதிக்க வேண்டும் என்றால், மேல்முறையீட்டில் ஒன்று அடிபட்டாலோ ஒன்றைக் குறைத்தாலோ மற்றவை நிற்கும். ஒன்றைக் குறைத்தால் மற்றதும் தானாகக் குறையாது.

---

பர்சன் என்றால் ஆள். இலக்கணத்தில் ஃபர்ஸ்ட் பர்சன், செகண்ட் பர்சன் என்கிறோம், அது புரிகிறது. கம்பெனியும் பர்சன், சாமியும் பர்சன் என்று எங்கள் கணக்கர் சொல்கிறார். அவர் சும்மா சொல்கிறாரா?
- ஒரு வியாபாரி, விருதுநகர்

உங்கள் கணக்கர் சரியாகத்தான் சொல்கிறார் அண்ணாச்சி, அவருக்கு இந்த மாதம் ஒரு டீ கூடுதலாக வாங்கிக்கொடுங்கள்.

இலக்கணத்தில் பர்சன் என்பது ஆள் இல்லை, இடம். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று நாம் சொல்லும் மூன்றுக்கும் பொதுப்பெயர் இடம்தான். நம்மவர்கள் ஆளைப் பார்க்காமல், பேச்சில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். சட்டத்தில் பர்சன் என்றால் உரிமையும் கடனும் வைத்துக்கொள்ளக் கூடிய எதுவும். 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், பர்சன் என்ற சொல்லில் கம்பெனியும் சங்கமும் பதிவு செய்யாத குழுவும்கூட அடக்கம் என்று எழுதியே வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு இன்னும் ருசியானது. ஆண்பாலில் சொன்னால் பெண்ணும் அடக்கம், ஒருமையில் சொன்னால் பன்மையும் அடக்கம், பன்மையில் சொன்னால் ஒருமையும் அடக்கம் என்கிறது. இலக்கண வாத்தியார் நாற்பது வருஷம் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்ததைச் சட்டம் ஒரே பிரிவில் கலைத்துப் போட்டுவிட்டது. நம் பழைய இலக்கணக்காரர்களாக இருந்தால் தவறுதான், ஆனாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்பதை வழுவமைதி என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டு போயிருப்பார்கள். தமிழில் 'அவன்' என்று எழுதிவிட்டு அதில் அவளும் அடக்கம் என்று சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள், அதனால்தான் நம் சட்டத் தமிழில் 'எவரொருவர்' என்று போட்டுத் தப்பிக்கிறார்கள்.

இனி சாமி. கோயில் நிலத்தின் சிட்டாவை எடுத்துப் பாருங்கள், உரிமையாளர் பெயரில் 'அருள்மிகு' என்று தொடங்கிச் சுவாமியின் பெயரே இருக்கும். சொத்து அவருடையது. ஆனால் சட்டம் அவரைப் பல விஷயங்களில் மைனர் மாதிரி நடத்துகிறது, அவருக்காக யாராவது ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அறங்காவலர் இல்லாத கோயிலுக்கு அறநிலையத் துறை 'தக்கார்' என்று ஒருவரை நியமிக்கிறதே, அதற்கு ஆங்கிலத்தில் 'ஃபிட் பர்சன்'. உடற்பயிற்சி செய்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்தச் சாமி-பர்சன் சமாச்சாரம் லண்டன் வரைக்கும் போயிருக்கிறது. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரில், இடிந்து கிடந்த சிவன் கோயில் பக்கத்தில், 1976-இல் மண் வெட்டப்போன ஒரு கூலித் தொழிலாளிக்குப் பூமிக்கடியில் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அதில் ஒரு நடராஜர் கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போய், 1982-இல் கனடாவைச் சேர்ந்த பம்பர் என்ற எண்ணெய்க் கம்பெனியிடம் சேர்ந்தார். சுத்தம் செய்வதற்காக வைத்திருந்த இடத்தில் லண்டன் போலீஸ் பறிமுதல் செய்தது. கம்பெனி போலீஸ் மீது வழக்குப் போட்டது. எதிரே நின்று உரிமை கேட்டவர்கள் யார் யார் என்றால் இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, கோயிலின் தக்கார், அப்புறம் அந்தக் கோயில். கேட்பாரற்றுக் கிடந்த கோயில்! ஆங்கிலச் சட்டத்தில் கட்டடமும் கல்லும் வழக்காட முடியாது. ஆனால் 1991-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், கோயில் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம் அதை நபராக ஏற்றுக்கொண்டால், தக்கார் மூலமாக அது இங்கேயும் வழக்காடலாம் என்று தீர்ப்புச் சொன்னது. நடராஜர் அந்த ஆண்டே ஊர் திரும்பினார். ஒரு பக்கம் கம்பெனி, மறுபக்கம் கோயில். அந்த வழக்கில் பாதிப் பேர் உங்கள் கணக்கர் சொன்ன மாதிரி பர்சன்கள்தான்.

---

கேஸ் என்றால் வழக்கு, இலக்கணத்தில் கேஸ் என்றால் வேற்றுமை என்கிறார்கள். என்ன சம்பந்தம்? தமிழில் இப்படி இரண்டு பக்கமும் நிற்கும் சொல் உண்டா?
- தமிழ் முதுகலை மாணவி, மதுரை

கேஸ் லத்தீனில் 'காசுஸ்', விழுவது. நமக்கு நேர்வது, தலையில் விழுவது கோர்ட்டுக் கேஸ், டாக்டர் பார்க்கிற கேஸும் அதுதான். இலக்கணத்தில், எழுவாயாக நிமிர்ந்து நின்ற பெயர்ச்சொல் ஐ, ஆல், கு ஏற்று வளைந்து விழுகிறது என்று கிரேக்கர்கள் நினைத்தார்கள், அதை லத்தீன்காரர்கள் அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டார்கள். நாம் விழுவதைப் பார்க்கவில்லை, பொருள் வேறுபடுவதைப் பார்த்து வேற்றுமை என்றோம். எனக்கு நம்முடைய பெயர்தான் பிடித்திருக்கிறது.

தமிழில் உண்டா என்று கேட்டீர்களே அம்மா, கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். வழக்கு! உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். இயல்பு வழக்கு மூன்று, தகுதி வழக்கு மூன்று என்று நன்னூலில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். தஞ்சாவூர் தஞ்சை ஆவது மரூஉ, 'கால் கழுவி வருகிறேன்' என்பது இடக்கரடக்கல். அதே சொல்தான் வக்கீலின் காகிதக் கட்டுக்குள் கயிறு போட்டுக் கிடக்கிறது. இரண்டுக்கும் வேர் வழங்குதல். ஊரில் எப்படி வழங்கிவருகிறதோ அது வழக்கு, வழக்கம், வழக்காறு. சண்டை வந்தால் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து 'இந்த வாய்க்கால் தண்ணி யாருக்கு வழக்கம்?' என்றுதான் முதலில் கேட்பார்கள். எது வழக்கம் என்று வாதாடுவதும் வழக்கு ஆகிப்போனது என்று நான் புரிந்துகொள்கிறேன். மொழியிலும் அதே கேள்விதானே, எது வழங்குகிறதோ அதுதான் சரி.

தகுதி வழக்கில் மூன்றாவது குழூஉக்குறி, ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வழங்கும் சொல். தட்டார்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று உரைகாரர்கள் சொன்ன உதாரணத்தையே இன்னும் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். கோர்ட்டு வளாகத்தில் ஒரு காலை நேரம் நின்றால் புதிதாகப் பத்துக் கிடைக்கும். வாய்தா இருக்கிறது. அப்புறம் 'பாஸ் ஓவர்'. சீனியர் இன்னும் வரவில்லை, கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று ஜூனியர் வக்கீல் கெஞ்சுவதற்குப் பெயர் அது. திருநெல்வேலி டீச்சரிடம் சொல்லிவிடாதீர்கள், அந்தப் பையன் அதையும் தேர்ச்சி என்று எழுதுவான்.

---

வாடகை ஒப்பந்தத்தில் 'ஒன்பதாவது கிளாஸைப் படித்துப் பாருங்கள்' என்று வீட்டுக்காரர் வாட்ஸப்பில் அனுப்பினார். ஒன்பதாம் வகுப்புப் பாடம் எதற்கு என்று விழித்தேன். என்ன அது?
- ஒரு குடித்தனக்காரர், கோவை

தமிழில் எழுதினால் வகுப்பும் கிளாஸ், தண்ணீர் குடிப்பதும் கிளாஸ், ஒப்பந்தத்தின் அம்சமும் கிளாஸ். பாவம் நீங்கள். அவர் சொன்னது மூன்றாவது. பத்திரம் எழுதுகிறவர்கள் இதற்கு 'ஷரத்து' என்று நல்ல சொல் வைத்திருக்கிறார்கள், அதையே சொல்லியிருக்கலாம். இலக்கணத்தில் அதே கிளாஸ், வாக்கியத்துக்குள் ஒரு வினையோடு நிற்கும் துண்டு. 'மழை பெய்தால் வரமாட்டேன்' என்பதில் 'மழை பெய்தால்' ஒரு துண்டு. ஒப்பந்தத்திலும் பாதி ஷரத்து 'ஆல்' விகுதியில்தான் தொங்குகிறது. வாடகை தவறினால், சுவரில் ஆணி அடித்தால், காலி செய்தால். ஒன்பதாவது ஷரத்து பெரும்பாலும் அட்வான்ஸில் பிடித்தம் பற்றியதாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

துண்டு எங்கே முடிகிறது என்பதில் கோடிக்கணக்கில் காசு போயிருக்கிறது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்று ஒரு பால் கம்பெனி. அங்கே கூடுதல் நேர வேலைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் தர வேண்டும், ஆனால் சில வேலைகளுக்குத் தர வேண்டாம் என்று சட்டம் ஒரு பட்டியல் போட்டிருந்தது. பட்டியலின் கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்று வரும். 'ஆர்' முன்னால் காற்புள்ளி இல்லை. அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ கட்டுவது என்று ஒரே வேலையா, கட்டுவது ஒன்று, விநியோகிப்பது இன்னொன்று என்று இரண்டு வேலையா? வண்டி ஓட்டுகிறவர்கள் விநியோகிக்கிறார்களே தவிர, கட்டுவதில்லை. விநியோகம் தனி வேலையாகப் பட்டியலில் இல்லையென்றால் அவர்களுக்குக் கூடுதல் சம்பளம் உண்டு. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாசகம் தெளிவாக இல்லை என்று ஓட்டுநர்கள் பக்கம் சாய்ந்தது, அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலர் கொடுத்துக் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. தமிழில் இந்த வம்பே வராது என்று மார்தட்டலாம். 'அனுப்பவோ விநியோகிக்கவோ கட்டுதல்' என்று ஒவ்வொன்றின் வாலிலும் 'ஓ' ஒட்டிவிட்டால் துண்டு எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரியும், காற்புள்ளியை நம்ப வேண்டியதில்லை. ஆனால் நம் கிரயப் பத்திரங்களைப் படித்தவர்கள் மார்தட்டமாட்டார்கள். 'தங்களுக்கு நான் மனப்பூர்வமாய்ச் சம்மதித்து எழுதிக்கொடுத்த சுத்தக் கிரய சாசனம் என்னவென்றால்' என்று தொடங்கி, தாத்தா பாகப்பிரிவினை, மேல்புறத்து வரப்பு, கிணற்றில் பாதி, மாமரம் ஒன்று என்று மூன்று பக்கம் தாண்டித்தான் ஒரு முற்று வரும்.

---

'இன்னார் 370-வது ஆர்ட்டிகிள் எழுதினார்' என்றால் கட்டுரையா, சட்டமா?
- ஒரு வாசகர், திருச்சி

எழுதினார் என்றால் கட்டுரை, ரத்து செய்தார் என்றால் அரசியலமைப்பு, முன்னால் விட்டுப்போச்சு என்று வாத்தியார் திட்டினால் 'ஏ, ஆன், தி'. ஆடிட்டர் ஆபீசில் 'ஆர்ட்டிகிள் பையன்' என்றால் சி.ஏ. படித்துக்கொண்டே பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளை. அரசியலமைப்பின் அரசுத் தமிழாக்கத்தில் ஆர்ட்டிகிளுக்கு 'உறுப்பு' என்று போட்டிருக்கிறார்கள், பத்திரிகைகள் அதையும் செக்‌ஷனையும் ஒன்றாகச் சேர்த்துப் 'பிரிவு' என்றே எழுதுகின்றன. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். 'உறுப்பு' என்று எழுதிய ஒரு முறை, உடல் உறுப்பு தானம் பற்றிய செய்தி என்று நினைத்து மருத்துவப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

---

தூக்கிலிட்டார்கள் என்பதற்கு 'ஹங்' போட்டேன், மகள் 'ஹேங்டு' என்று திருத்துகிறாள். யார் சரி?
- ஓய்வுபெற்ற தபால்காரர், நாகர்கோவில்

மகள்தான் சரி ஐயா. கொடியில் சட்டையைத் தொங்கவிட்டால் 'ஹங்', மனிதரைத் தூக்கிலிட்டால் 'ஹேங்டு'. நம் நடைமுறைச் சட்டத்திலும் 'ஹேங்டு பை த நெக் டில் ஹி இஸ் டெட்' என்றே எழுதியிருக்கிறது. அந்த 'ஹி'யில் அவளும் அடக்கம்.